ஓடுகிற மெஷினில் ஒரு பழுது

என்னைவிட அவன் பதினேழு வயது மூத்தவன். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு வரவில்லை. நேரில் பேசும்போது ஒரு வருஷம் பூராவும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது. இங்கேயாவது என் இஷ்டப்படி எழுதிக்கொள்கிறேன்.

எல்லோரும் அவனை மீட்டர் என்பார்கள். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவான். அதை வைத்து அளந்து பார்த்ததைவிடத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்ததுதான் அதிகம். அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவன். அதே கம்பெனியில் பெட்டி மடிக்கும் மெஷினில் வேலை பார்த்தவள் என் அக்கா.

அந்த மெஷினில் அட்டை சிக்கிக்கொள்வது சாதாரணம். சிக்கினால் பக்கத்திலிருக்கும் காப்புக் கதவைத் திறக்க வேண்டும். கதவு திறந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும். கசங்கிய அட்டையை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவை மூடினால் மறுபடி ஓட்டலாம். ஒரு நாளைக்கு முப்பது தடவை அக்கா இதைச் செய்வாள். ஆறு வருஷம் செய்தாள். ஒரு நாள் கதவைத் திறந்தாள், மெஷின் நிற்கவில்லை. வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. நடுவிலிருந்த மூன்றும் போய்விட்டன.

கம்பெனி விசாரித்து ஒரு காகிதம் கொடுத்தது. 'கதவு சுவிட்ச் சோதிக்கப்பட்டது. சரியாக இயங்குகிறது. விபத்துக்குக் காரணம் ஊழியரின் கவனக்குறைவு.' கீழே மீட்டரின் கையெழுத்து, வால் நீட்டி, சுழித்து, திருப்தியாகப் போட்ட கையெழுத்து.

நான் அந்தக் காகிதத்தோடு கம்பெனிக்குப் போனேன். சுவிட்ச் சரியாக இருந்தால் மெஷின் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். ஆபீஸில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்மா. சொன்னாலும் உங்களுக்குப் புரியாது" என்றார். மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்கு என்ன புரியப்போகிறது என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அக்கா அந்தக் காகிதத்தை நம்பினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. முதலில், "கதவைத் திறந்தேன்டி, நல்லாத் திறந்தேன்" என்றாள். ஒரு மாதம் கழித்து, "திறந்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். ஒரு வருஷத்தில், "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். பராக்குப் பாத்துக்கிட்டுக் கையை விட்டிருக்கேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். விரல் போனது ஒரு நாளில். தன்மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று ஒவ்வொன்றையும் என்னைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னாள். என் அக்காவா இது? ஊரையே கண்ணில் விரலை விட்டு ஆட்டியவள்.

எனக்குப் புரியாது என்றுதானே சொன்னார்கள்? புரிந்துகொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக் கல்லூரியில் எலக்ட்ரோமெக்கானிக்கல் பிரிவு, ரெண்டு வருஷப் படிப்பு. காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் மருந்துக்கடை. முப்பத்தி நாலு வயதில் ஓம் விதியில் ஆரம்பித்தேன். முதல் மாதம் ரிலே என்றால் என்ன, கான்டாக்டர் என்றால் என்ன என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை நான் பிடித்த லட்சணத்தைப் பார்த்து வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் படிப்பது ஒரு நல்ல முறை. தூக்கமே வராது, பாடம் நன்றாக ஏறும்.

மூன்றாவது மாதம் காப்புக் கதவுகளின் பாடம் வந்தது. மெஷினை ஓடச் சொல்லும் மின்சாரம் கதவு சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. கதவு மூடியிருந்தால் பாதை சேர்ந்திருக்கும். திறந்தால் பாதை அறுந்து மெஷின் நின்றுவிடும். சுவிட்சின் ரெண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால், கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பாடம் எடுத்த மேடம் கரும்பலகையில் அந்த ஒயரை வரைந்துவிட்டு, "சுவிட்ச் தொந்தரவு பண்ணுதுன்னு சில பேர் இப்படிக் குறுக்கால ஒயர் போட்டுருவாங்க. வேண்டாதபோது பிடுங்கிட்டா தடயமே இருக்காது" என்றார்.

தடயமே இருக்காது. நான் அந்த வரியை நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே மனசில் பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "உனக்கு என்மேல பாசம், அதான் இப்படியெல்லாம் தோணுது" என்று சிரித்தாள். அவளை நம்பவைக்க என் வாய் போதாது. அவன் வாயால் வர வேண்டும். அன்றிலிருந்து மீட்டர் மேல் கறுவிக்கொண்டு திரிந்தேன்.

ரெண்டாவது வருஷத்தின் முதல் நாள், வகுப்புக்குள் நுழைந்தால் என் மேஜையில் மீட்டர் உட்கார்ந்திருக்கிறான், அக்காவைக் கூட்டிவரப் போன நாட்களில் கம்பெனி வாசலில் நான் பார்த்த அதே ஆள்.

கம்பெனியில் புது விதி போட்டுவிட்டார்களாம். பராமரிப்பில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் கட்டாயம். அவன் அனுபவத்தைப் பார்த்து நேராக ரெண்டாம் வருஷத்தில் சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள் தேறாவிட்டால் பதவி போய்விடும். இதையெல்லாம் அவனே என்னிடம் சொன்னான். அக்காவுக்குத் தங்கை இருப்பது அவனுக்குத் தெரியாது. "இந்த வயசுல என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டாங்க தங்கச்சி" என்று அசடு வழிந்தான். தங்கச்சியாம்.

"கவலைப்படாதீங்கண்ணே. நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.

சொல்லியும் தந்தேன். அவனுக்குக் கை வரும், கணக்கு வராது. வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் நேராகக் கொடுத்தாலும் அவனுக்கு ஒன்றுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கோடு கோடாக விளக்கினேன். வீட்டுப்பாடம் காட்டினேன். எழுத்துத் தேர்வில் தேற வைத்தேன். பலிக்கு விட்ட ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவது போலப் போட்டு வளர்த்தேன். கடைசிச் செய்முறைத் தேர்வு வரைக்கும் அவன் வந்து சேர வேண்டும். பாதியில் ஓடிவிட்டால் எனக்கு என்ன பிரயோஜனம்?

ஏனென்றால் அந்தத் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே மேஜைக்காரர்கள் ஜோடி. மெஷினை இயக்கும் ஒயர்களும் சுவிட்சுகளும் இருக்கும் பெட்டிதான் பேனல்; ஒருவருடைய பேனலில் மற்றவர் ஒரு பழுது வைக்க வேண்டும். என்ன பழுது என்று எழுதி, உறையில் ஒட்டி மேடத்திடம் கொடுத்துவிட வேண்டும். நாற்பது நிமிஷத்துக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அளந்து பார்த்து, அளவுகளைத் தாளில் குறித்து, இதுதான் என்று காட்ட வேண்டும். "ஊகத்துக்கு மார்க் இல்ல" என்பது மேடம் தினமும் ஓதும் மந்திரம்.

ஆக, மீட்டருக்குப் பழுது வைக்கப்போவது நான்.

என்ன வைப்பது என்று யோசிக்கவே இல்லை. ஒரு வருஷமாக அவன் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். எதைச் சரிசெய்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்துவான், மோட்டார் ஓடும், கையைத் துடைத்துக்கொள்வான். "ஓடுதா? ஓடுதுல்ல? அப்ப சரி." அவ்வளவுதான் அவனுடைய சோதனை. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவனுக்கு நான் ஓடுகிற மெஷினைத்தான் கொடுக்கப்போகிறேன். கதவு சுவிட்சில் குறுக்கே ஒரு துண்டு ஒயர். பச்சைப் பொத்தானை அழுத்துவான், ஓடும், பழுதே இல்லை என்பான். மேடம் வந்து கதவைத் திறந்து காட்டுவார். பதினாறு பேர் முன்னால் மண்ணைக் கவ்வுவான். பதவியும் போகும். அதற்கப்புறம் நான் யாரென்று சொல்லி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். இதை நினைத்து நினைத்து எத்தனை காலைகள் சந்தோஷமாக பஸ் ஏறியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

தேர்வு அன்று காலை ஒன்பது மணிக்கே ஆய்வுக்கூடத்தில் சூடு. பதினாறு பேர், எட்டு மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் ரெண்டு பேனல், ஒவ்வொன்றோடும் முழ நீள ரப்பர் பட்டை ஓடும் ஒரு குட்டி மெஷின். பட்டைக்கு மேல் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் கதவு. அவன் என் பேனலில் ஒரு ஃபியூஸை எரிந்த ஃபியூஸாக மாற்றி வைத்திருந்தான். பதினோரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். "கெட்டிக்காரி" என்று என் முதுகைத் தட்டினான். உடம்பு கூசியது.

அப்புறம் அவன் முறை. என்னைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். நான் அவன் பேனலைத் திறந்தேன். கதவு சுவிட்ச் வந்து சேரும் ஏழாம் முனைக்கும் எட்டாம் முனைக்கும் நடுவே, மற்ற ஒயர்களின் நிறத்திலேயே ஒரு சின்னத் துண்டு. ஒயர்க் கட்டுக்குப் பின்னால் மறைகிற மாதிரி மடித்து முடுக்கினேன். உறையை ஒட்டி மேடத்திடம் கொடுத்தேன்.

மீட்டர் மற்றவர்களோடு உள்ளே வந்தான். பச்சைப் பொத்தானை அழுத்தினான். பட்டை ஜம்மென்று ஓடியது. கைதுடைக்கும் துணியை எடுத்துக்கொண்டான். "ஓடுதா?" என்று வாய் திறந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அடுத்த வார்த்தை வரவில்லை.

ஓடுகிற பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பிளாஸ்டிக் கதவைப் பார்த்தான். அதைத் தொடவில்லை. கழுத்திலிருந்த மீட்டரையும் தொடவில்லை. மின்சாரத்தை அணைத்தான், பேனலைத் திறந்தான், ஒயர்க் கட்டுக்குப் பின்னால் நேராக விரலை விட்டான். வீட்டில் இருட்டில் சுவிட்ச் தேடுகிறவனுக்குக்கூடக் கை இவ்வளவு நேராகப் போகாது. "இதான் மேடம். ஏழு, எட்டு" என்றான். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

யாரோ கைதட்டினார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்ததை நாலு நிமிஷத்தில் ஊதித் தள்ளிவிட்டான். இனி சான்றிதழ் வாங்கிக்கொண்டு, பதவியைக் காப்பாற்றிக்கொண்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவான். அங்கேயே அழுதுவிடுவேன் போலிருந்தது.

மேடம் உறையைப் பிரித்துப் பார்த்தார். அவனுடைய தாளை எடுத்தார். அது வெள்ளையாக இருந்தது.

"ஒரு அளவுகூட எடுக்கலையே. ஊகத்துக்கு மார்க் இல்லைன்னு தெரியும்ல? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அனுபவம் மேடம்."

"என்ன அனுபவம்? சொன்னாத்தானே நான் எழுத முடியும்?"

"பழுது இருக்குன்னு தெரியும். ஆனா மெஷின் ஓடுது. ஓடுற மெஷின்ல வேற என்ன பழுது மேடம் இருக்க முடியும்?"

"சரி. அது கட்டுக்குப் பின்னாடி இருக்கும்னு எப்படித் தெரியும்?"

அவன் துணியால் கையைத் துடைக்க ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு பேரில் வேறு யாராக இருந்தாலும் சுவிட்ச் சுவிட்சாக அளந்து, அரை மணி நேரமாவது திணறியிருப்பார்கள். நான் மறைத்த இடம் இவனும் மறைத்த இடம். அதனால்தான் கை தானாகப் போயிருக்கிறது. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"சொல்லுங்கண்ணே" என்றேன். "இந்த மாதிரி ஒயரை எங்க பாத்தீங்க?"

"எங்க கம்பெனில... ஒரு மெஷின்ல."

"பெட்டி மடிக்கிற மெஷினா?"

சடாரென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு போட்ட ஒயருண்ணே அது?"

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"நான்தான்" என்றான். "கதவு ஆடிக்கிட்டே இருந்துச்சு. சும்மா சும்மா மெஷின் நிக்குது, உற்பத்தி போகுதுன்னு மேல இருந்து பிடுங்கல். புது சுவிட்ச் வர்ற வரைக்கும்னு போட்டேன். எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்."

"அதுல கையை விட்டது எங்க அக்கா."

எப்படிச் சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகிய வாக்கியம் அது. கத்துவதாகத்தான் திட்டம். கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரிதான் வந்தது.

வேறு கேள்விகளும் தயாராக வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "வீடு பக்கத்துலதான். வந்து இப்ப சொன்னதை அவகிட்ட சொல்லுங்க. வரலைன்னா, கேட்டுக்கிட்டிருக்கிற இத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு உங்க கம்பெனி வாசலுக்கு வருவேன்" என்றேன். மேடம், "மார்க் விஷயம் அப்புறம். போய்ட்டு வாங்க" என்றார். அவன் கழுத்திலிருந்து மீட்டரைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என் பின்னால் நடந்தான்.

அக்கா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "வாங்க சார், வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தண்ணி குடிக்கிறீங்களா?" அந்த 'சார்' என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது.

"உக்கார வேண்டாம். நின்னுக்கிட்டே சொல்லட்டும்" என்றேன்.

சொன்னான். விபத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான், அன்று காலையில், ஒயரைப் போட்டதையும் அதை எங்கே மறைத்தான் என்பதையும் சொன்னான். விபத்து நடந்ததும், விசாரிக்க ஆள் வருவதற்குள் பிடுங்கிவிட்டதையும் சொன்னான். அதற்கப்புறம் சோதித்தால் சுவிட்ச் சரியாகத்தானே இருக்கும். "நீங்க கதவைச் சரியாத்தான் திறந்தீங்கம்மா. உங்க மேல தப்பே இல்ல. என்னை மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுதால் தேவலை என்றுதான் இருந்தது.

அக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வண்டியில என் பக்கத்துல நீங்கதான் உக்காந்திருந்தீங்க" என்றாள். "என்னால மெஷின் நின்னுபோச்சே, எல்லாருக்கும் வேலை கெட்டுப்போச்சேன்னு வழி பூரா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வந்தேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"'பரவால்லம்மா'ன்னு சொன்னீங்க. நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் 'பரவால்லம்மா'ன்னீங்க. அப்ப அந்த ஒயர் எங்க சார் இருந்துச்சு? உங்க சட்டைப் பையிலயா?"

எனக்கு இது தெரியாது. என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்க எழுந்துவிட்டேன். அக்கா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். அந்தக் குரல் பழைய குரல். ஊரை ஆட்டிவைத்த குரல்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு கேக்குறேன். அந்தக் கதவு அப்புறமும் ஆடிக்கிட்டுத்தானே இருந்திருக்கும்? புது சுவிட்ச் வந்துச்சா?"

"இல்ல."

"விசாரணைக்கு வந்தவங்க போனப்புறம் என்ன பண்ணீங்க?"

கும்பிட்ட கையை இறக்கினான்.

"அந்த ஒயர் இப்ப அந்த மெஷின்ல இருக்கா, இல்லையா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "இருக்கு" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரெண்டு வருஷம் படித்தவள் நான். எந்த முனையில் எது வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இவன் எப்படி விழப்போகிறான் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு காலையிலும் யாரோ ஒருத்தி, சிவப்புப் பொத்தானை அழுத்த ஒரே ஒரு தடவை மறந்தால் கை போய்விடும் என்கிற நிலையில், அந்தக் கதவைத் திறந்து கையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், முப்பது தடவை.

"போனை எடுங்க" என்றாள் அக்கா. "லைன்ல இருக்கிற சூப்பர்வைசருக்குப் போடுங்க. சத்தமா வைங்க."

போட்டான். பழக்கத்தில் காதில் வைத்துக்கொள்ளப் போனான். அக்கா அதை வாங்கி, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். மறுமுனையில் மெஷின் இரைச்சல் அறை முழுக்கக் கேட்டது.

"பெட்டி மடிக்கிற மெஷினை நிறுத்துங்க" என்றான்.

"ஏன் சார்? நல்லாத்தானே ஓடுது?" என்று இரைச்சலுக்கு மேல் ஒரு குரல் கத்தியது.

"கதவு சுவிட்ச் வேலை செய்யல."

"சரியாச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நான் குறுக்கால ஒயர் போட்டு வச்சிருக்கேன். மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு."

மெஷின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. அந்த நிசப்தத்தில் யாரோ ஒரு பெண் தூரத்தில், "என்னாச்சு, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

"இப்ப அதுல நிக்கிறது யாரு?" என்று அக்கா போனில் கேட்டாள்.

"நீங்க யாருங்க பேசுறது?" என்றார் சூப்பர்வைசர்.

"முன்னாடி அதுல நின்னவ" என்றாள். "போனை அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க."